பேர் எழுதாத படங்கள்

மலைநாட்டுக்குப் போய்வந்த சொறிக்கல்முனைத் தம்பி ஒருவர், "தள்ளித் தள்ளிப் பாருங்க நானா" என்று போனைக் கையில் தந்தார். எல்லாம் பாழடைந்த தோட்டத்துப் பங்களாக்கள். கூரை போன கூடம், கரி மாறாத கணப்பு, ஜன்னலால் உள்ளே நுழைந்த கொய்யாக்கிளை. ஒரு படத்தில் மட்டும் வாசலில் சாரத்தோடு ஒரு கிழவர்.

"எந்தத் தோட்டம்? இவர் ஆர்?"

"ஹட்டன் பக்கம்... கேட்டைத் திறந்துவிட்டவர்."

இடிந்த பங்களாவைப் படமெடுப்பது இப்போது பொடியன்களுக்குப் பெரிய பைத்தியம். பனியும் பாசியும் கமராவுக்கு விருந்துதான். லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவர் குடியிருந்த குடிசையின் புகைபோக்கியைப் பார்க்க இன்றும் மலையேறுகிறார்கள், அவர் பேரைச் சொல்லிக்கொண்டே. அந்த 19 ஏக்கரையும் கொத்தியவர்களில் ஒருவர் பேரை யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

பேரை விட்டுவிடும் இந்த நோய் பழையது. புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். அவர் கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள்; கோப்பியையோ 1869 முதல் இலைநோய் தின்றுகொண்டிருந்தது. கேமரன் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் படமெடுத்தார். 1879இல் இறந்தவரின் கல்லறை பொகவந்தலாவையில் பேரோடு இருக்கிறது. அவர் எடுத்த படங்களில் நான் பார்த்தவற்றில், நம் பெண்கள் நேர்கொண்டு நிற்கிறார்கள், பேர்தான் இல்லை.

பேர் சொல்லக்கூடியவர்களில் பலர் கப்பலேறிவிட்டார்கள். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. மிஞ்சியவர்களில் பலர் தோட்டத்து லயத்தில் இருக்கிறார்கள். அங்கே இன்னும் அடுப்பு எரிவதால் அது 'இடிபாடு' ஆகவில்லை. கமராவும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

படம் அழகாக இருந்தால் போதும், எழுத்தெதற்கு என்பாரும் உண்டு. இருக்கட்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு மருதமுனையில் ஒரு மாமி, உப்புத்தண்ணீரில் ஊறிய அல்பத்தைப் பிரித்துப் பாயில் காயப்போட்டிருந்தா. முகமெல்லாம் கரைந்து மஞ்சளும் நீலமுமாய் வழிந்திருந்தது. ஒவ்வொன்றாய்ப் புரட்டினா. ஒன்றின் பின்பக்கத்தில் போல்பேனா எழுத்து அப்படியே கிடந்தது: 'மூத்தவள், நோன்புப் பெருநாள்.' அதை மட்டும் எடுத்து, எழுத்து மேலே தெரிய, மடியில் வைத்துக்கொண்டா.