நம் பக்கமும் ஒரு திரை

படிவம் நிரப்பும் மேசையில் கணனியின் முகம் எப்பொழுதும் நிரப்புபவரைப் பார்த்தே இருக்கிறது. நமக்குத் தெரிவது அதன் முதுகுதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியும் மண்சரிவுகளும் மலையகத்தைத் தாக்கிய பின்பு, இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல இந்த முதுகின் முன் பலமுறை அமர்ந்துவிட்டன. பெயரைக் கேட்கிறார்கள், சொல்கிறோம். அடையாள அட்டையைக் கேட்கிறார்கள், நீட்டுகிறோம். தட்டச்சு செய்யும் ஓசை கேட்கிறது. என்ன பதிவாயிற்று என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

வலப்பனைக்கு இடப்பெயர்வு புதிதல்ல. 2007 ஜனவரியிலும் வலப்பனை, ஹங்குரன்கெத்த பகுதிகளில் மலை சரிந்து, குடும்பங்கள் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு இறங்கின. ஒவ்வொரு முறையும் இழப்பைக் கணக்கிடுவது தாளில்தான் தொடங்குகிறது. அந்தத் தாளில் ஒரு பிழை இருந்தால், நட்டஈடு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

பிழை எப்படி வருகிறது?

நமது பெயர்கள் மூன்று மொழிகளைக் கடந்து செல்பவை. சிங்களத்தில் 'ழ' என்ற எழுத்து இல்லை. ஆகவே பிறப்புச் சான்றிதழில் பழனியாக இருப்பவர் இன்னொரு பதிவில் பலனி ஆகிறார். ஒரு தாளில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக நிற்கிறது. மற்றொன்றில் அதுவே முழுப்பெயராகிவிடுகிறது. பழைய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் உண்டு; புதியதில் 12 இலக்கங்கள். அவற்றுள் இரண்டு இடம் மாறினாலும் நாம் வேறு ஆளாகிவிடுகிறோம். ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் சென்று, பெயர் பொருந்தவில்லை என்று அலைந்த தோட்டத் தொழிலாளர்களை அறியாத லயம் மலையகத்தில் உண்டா? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருந்த சமூகம் நாம். ஒரு தாளின் பெறுமதியை நமக்கு வேறு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது நமது பெண்கள் தராசின் முள்ளை எட்டிப் பார்ப்பார்கள். நிறுப்பவர் மீது கோபத்தினால் அல்ல. தாம் சுமந்து வந்ததன் கணக்கைத் தாமும் காணவேண்டும் என்பதற்காகவே. கடைகளில் பில் போடும் இயந்திரத்திலும் வாங்குபவர் பக்கம் ஒரு சிறு திரை இருப்பதைக் காண்கிறோம். படிவ மேசையிலும் நம் பக்கம் ஒரு திரை ஏன் இருக்கக்கூடாது?

ஒதுக்கிவைத்த கணனி போதும்

இதற்குப் புதிய திரை வாங்கவேண்டியதில்லை. பங்கு மண்டபத்திலோ வாசிகசாலையிலோ தூசு படிந்து கிடக்கும் பழைய மடிக்கணனியே திரையாக உதவும். ஆனால் இரண்டு மடிக்கணனிகளை ஹெச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்தால் படம் வராது. சாதாரண மடிக்கணனிகளில் அந்தத் துளை படத்தை வெளியே அனுப்ப மட்டுமே. உள்ளே வாங்க அல்ல. ஆகவே கம்பியில்லாமல் வைஃபை வழியாக அனுப்புகிறோம். அதற்கு இரு வழிகள் உண்டு.

முதலாவது, இரண்டிலும் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் செய்யக்கூடியது. பழைய கணனியின் அமைப்புகளில் 'ப்ரொஜெக்டிங் டு திஸ் பிசி' என்ற பகுதிக்குச் சென்று, 'வயர்லெஸ் டிஸ்ப்ளே' என்ற வசதியைச் சேர்த்துத் திறந்து வைக்கவேண்டும். பின்பு படிவம் நிரப்பும் கணனியில் விண்டோஸ் விசையுடன் 'கே' விசையை அழுத்தினால் பழைய கணனியின் பெயர் தோன்றும். அதைத் தெரிவு செய்தால் படம் அங்கே வரும். விண்டோஸ் விசையுடன் 'பி' விசையை அழுத்தி 'டூப்ளிகேட்' என்பதைத் தெரிவு செய்தால் இரு திரைகளிலும் ஒரே காட்சி. இதற்கு இரு கணனிகளின் வைஃபை பாகமும் 'மிராகாஸ்ட்' முறைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும்; மிகப் பழையவற்றில் இருக்காது.

அப்படியானால் இரண்டாவது வழி. 'டெஸ்க்ரீன்' என்ற இலவச மென்பொருளைப் படிவம் நிரப்பும் கணனியில் மட்டும் நிறுவவேண்டும். அது ஒரு முகவரியைக் காட்டும். பழைய கணனியின் இணைய உலாவியில் அந்த முகவரியைத் தட்டி, இந்தப் பக்கத்தில் அனுமதி கொடுத்தால் போதும். இரண்டும் ஒரே வைஃபை வலையில் இருக்கவேண்டும். கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டும் உதவும். இதில் இன்னுமொரு நன்மை உண்டு. முழுத் திரையையும் அனுப்பாமல், படிவம் உள்ள சாளரத்தை மட்டும் அனுப்பலாம். அதனால் அடுத்த குடும்பத்தின் விபரம் வெளியே தெரியாது.

எழுத்து சற்றுத் தாமதித்துத் தோன்றலாம். பெயரைச் சரிபார்க்க அது தடையல்ல.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் பொதுவாக முடிந்துவிட்டது. அத்தகைய கணனியை வங்கி வேலைக்கோ கடவுச்சொல் தட்டுவதற்கோ பயன்படுத்தாமல், திரையாக மட்டும் வைத்திருப்பது நல்லது. நன்கொடையாகக் கிடைத்ததாயின், முன்னையவரின் கோப்புகளை முதலில் அழித்துவிட வேண்டும்.

திரை வந்தபின் நமது கடமை

திரை இருந்தாலும், பார்க்காதவருக்குப் பயனில்லை. நான்கு விடயங்களை விரல் வைத்துச் சரிபார்ப்போம்: பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், இழந்த நிலத்தின் அளவு. வாசிக்கத் தெரியாத பெரியவருடன் பாடசாலை செல்லும் பிள்ளை ஒன்று அமரட்டும். படிவம் சிங்களத்தில் இருந்தால், அதைத் தமிழில் வாசித்துச் சொல்லுமாறு தாழ்மையாக, ஆனால் தயங்காமல் கேட்போம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை, 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் அரசியலமைப்பில் எழுதிவைத்திருக்கிறது.

அரச அலுவலகத்தின் மேசையை நாம் மாற்றி அமைக்க முடியாது. ஆனால் விண்ணப்பங்கள் பல முதலில் தயாராவது நமது இடங்களில்தான்: பங்கு மண்டபத்தில், கோவில் மடத்தில், பாலர் பாடசாலையில், சங்கக் காரியாலயத்தில். அங்கே உதவி செய்பவர்கள் நமது இளைஞர்களே. முதல் இரண்டாவது திரையை அவர்கள் அங்கே வைக்கட்டும். ஒவ்வொரு பங்கிலும் தோட்டத்திலும் பயன்படாமல் கிடக்கும் கணனிகள் எத்தனை என்று இளைஞர் குழுக்கள் இந்த மாதமே கணக்கெடுக்கட்டும். ஒன்றைத் துடைத்து, இணைத்து, ஒரு மேசையில் திருப்பி வைத்துப் பார்க்கட்டும்.

உதவுகிறவருக்கும் இது பாதுகாப்பு. பிழை ஏற்பட்டால் பழி ஒருவர் தலையில் விழாது. எழுதியவரும் எழுதுவித்தவரும் சேர்ந்து பார்த்து, சேர்ந்து சரியென்று சொன்ன படிவமாக அது போகும். மண் நம்மைக் கேளாமல் சரிந்தது. நம்மைப் பற்றி எழுதப்படுவதையாவது நாம் பார்த்து, கேட்டு, திருத்தி அனுப்புவோம்.