பிரெக்சிட்டும் ஆரம்பாக்கமும்: எல்லைக்கோட்டில் முடிந்துபோகும் உரிமைகள்

2016 சூன் 23 அன்று பிரிட்டன் மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தனர். வெளியேறுவோம் என்றோர் 51.9 விழுக்காடு, நீடிப்போம் என்றோர் 48.1 விழுக்காடு. மறுநாள் காலையிலேயே பிரதமர் டேவிட் கேமரூன் பதவி விலகலை அறிவித்தார். பவுண்டின் மதிப்பு சரிந்தது. மறுவாக்கெடுப்புக் கோரும் மனுவில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். நாட்டை மீட்டுவிட்டோம் என்று ஒரு பாதி கொண்டாட, எதிர்காலம் பறிபோனதென்று மறுபாதி புலம்பியது. அடுத்த வாரங்களில் காவல்துறை பதிவுசெய்த வெறுப்புக் குற்றங்கள் முந்தைய ஆண்டைவிட உயர்ந்தன.

இந்த எதிர்வினைகளை ஊடகங்கள் விரிவாகப் பதிவுசெய்தன. ஆனால் அந்த வாக்கெடுப்பால் நேரடியாகப் பாதிக்கப்பட்டோரில் பெரும்பகுதியினருக்கு வாக்கே இல்லை. இலண்டனில் வசித்த இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் வாக்களிக்க முடிந்தது. பல ஆண்டுகளாக அங்கே உழைத்துவந்த போலந்துத் தொழிலாளர் வாக்களிக்க முடியவில்லை. அவருடைய குடியுரிமை சார்ந்த பாதுகாப்பு ஒன்றியம் தந்தது. 2020 இறுதியோடு அந்தத் தடையற்ற நகர்வுரிமை முடிந்தது. பல ஆண்டுகள் வாழ்ந்த ஊரிலேயே தொடர்ந்து வாழ அவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று.

இதைத் தொலைதூரச் செய்தியாக நாம் கருதவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால் ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. அடுத்தது ஆந்திரத்தின் தடா. சூலூர்பேட்டை மின்தொடர் வண்டியில் அன்றாடம் வேலைக்குச் செல்வோர் இக்கோட்டைக் கவனிப்பதுகூட இல்லை. இதுவும் ஓர் அரசியல் கூட்டிலிருந்து ஒரு மக்கள் பிரிந்து சென்றபோது விழுந்த கோடுதான்.

அன்று வாக்கெடுப்பு நடக்கவில்லை. தனி ஆந்திரம் கோரி 1952 அக்டோபர் 19 அன்று சென்னையில் உண்ணாநோன்பைத் தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15 அன்று இறந்தார். ஆந்திரப் பகுதிகளில் கலவரம் வெடித்தது. நான்கு நாட்களில் நேரு தனி மாநில அறிவிப்பை வெளியிட்டார். 1953 அக்டோபர் 1 அன்று கர்னூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் உருவானது. இதே ஸ்ரீராமுலு 1946இல் நெல்லூரில் தலித் மக்களின் கோயில் நுழைவுக்காக உண்ணாநோன்பு இருந்தவர். அந்த நோன்பு இன்று எத்தனை பேர் நினைவில் இருக்கிறது?

தமிழ்ப் பக்கத்து எதிர்வினையும் சூடானதாகவே இருந்தது. சென்னை யாருக்கு, திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்பவையே கேள்விகள். ம.பொ.சி., மங்கலங்கிழார், கே. விநாயகம் ஆகியோர் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினர். சென்னை மிஞ்சியது, சித்தூர் மாவட்டம் திருத்தணியோடு ஆந்திரத்துக்குச் சென்றது. பின்னர் படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. மாற்றாக, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்கு ஈடாகத் தரப்பட்டது. இன்று ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை எழுந்து நிற்கும் சத்தியவேடு வட்டாரம் இவ்வாறு கைமாறியதுதான்.

படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டார். எந்த மொழி பேசுவோர் பெரும்பான்மை, நிலத்தொடர்ச்சி இருக்கிறதா என்பவை அளவுகோல்கள். நியாயமான முறையென்றே தோன்றும். ஆனால் நம் கிராமம் ஒற்றை அலகாக என்றைக்கு இருந்தது? ஊர் ஒன்று, சேரி ஒன்று. இரு மொழியும் புழங்கும் இவ்வட்டாரத்துச் சேரி எந்தப் பக்கம் இருந்தால் தனக்குப் பாதுகாப்பு என்று நினைத்தது என்பதைக் கேட்க அந்த அளவுகோலில் இடமே இல்லை. எல்லைப் போராட்ட வரலாற்று நூல்களிலும் சேரியின் குரல் அரிதாகவே ஒலிக்கிறது.

இக்கேள்வியை அன்றே எழுப்பியவர் அண்ணல் அம்பேத்கர். 1953 செப்டம்பரில் ஆந்திர மாநில மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது, மொழிவழி மாநிலத்தில் நிலமும் பதவியும் வணிகமும் ஓரிரு ஆதிக்கச் சாதிகளின் கையில் குவியும் என்றும், அவர்களைச் சார்ந்து வாழும் தீண்டப்படாதோருக்கு மசோதாவில் என்ன காப்பு என்றும் அவர் வாதிட்டார். அரசமைப்புச் சட்டத்தை எரிப்பதில் நானே முதலாளாக இருப்பேன் என்ற பொருளில் அவர் கூறியது இந்த விவாதத்தின்போதுதான். அந்த ஒற்றை வரியை மேடைதோறும் எடுத்தாள்வோர் அவர் எதற்காக அதைச் சொன்னார் என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். 1955இல் மொழிவழி மாநிலங்கள் குறித்து அவர் எழுதிய நூலிலும் இதே அச்சம் தொடர்கிறது. மொழிவழி மாநிலத்தை அவர் மறுக்கவில்லை. காப்புகளற்ற மொழிவழி மாநிலத்தையே ஐயுற்றார்.

அந்த அச்சம் இன்று எல்லையில் எப்படி வேலை செய்கிறது? அரசமைப்பின் 341ஆம் பிரிவு பட்டியல் சாதிகளை ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக அறிவிக்கச் சொல்கிறது. ஆதி ஆந்திரர், ஆதி திராவிடர், மாலா, மாதிகா ஆகிய பெயர்கள் இரு மாநிலப் பட்டியல்களிலும் உள்ளன. ஆனாலும் பெயர் ஒன்றாக இருப்பது போதாது. மர்ரி சந்திரசேகர் ராவ் வழக்கில் (1990) உச்ச நீதிமன்றம், தந்தையின் வேலை காரணமாக ஆந்திரத்திலிருந்து மும்பைக்குச் சென்ற பழங்குடி மாணவருக்கு மராட்டியத்தில் இடஒதுக்கீடு இல்லை என்றது. ஒரு மாநிலத்தில் அச்சாதி அனுபவிக்கும் பின்தங்கிய நிலை மற்றொன்றிலும் அப்படியே இருக்கும் எனக் கொள்ள முடியாது என்பது வாதம். 1994இலும் 2018இலும் இந்நிலைப்பாடு உறுதிப்படுத்தப்பட்டது.

தீண்டாமை மாநில எல்லைக்கோட்டைப் பார்த்தா நடக்கிறது?

திருமணத்தை எடுத்துக்கொள்வோம். பஞ்சாபில் வால்மீகி சமூகத்தில் பிறந்து, உத்தராகண்டில் மணமாகிக் குடியேறிய பெண்ணுக்கு அங்கே பட்டியல் சாதி ஒதுக்கீடு கிடையாது என்று ரஞ்சனா குமாரி வழக்கில் (2018) உச்ச நீதிமன்றம் கூறியது. வால்மீகி இரு மாநிலப் பட்டியல்களிலும் இருந்தும் இதுதான் தீர்ப்பு. இப்போது சத்தியவேட்டில் பிறந்து கும்மிடிப்பூண்டிக்கு மணமாகி வரும் ஒரு மாதிகாப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவர் தாத்தா பிறந்தபோது இரண்டும் ஒரே மாநிலத்தில் இருந்தன. அவர் பேருந்தில் கடந்த தூரம் மிகக் குறைவு. தமிழ்நாட்டு அரசுப் பணிக்கான தேர்வில் அவர் பொதுப்பிரிவினராகிவிடுவார்.

சிப்காட்டில் பணிபுரியும் பீகார், ஒடிசா, சார்க்கண்ட் தொழிலாளர்களுக்கும் இதே நிலைதான். அவர்களில் தலித்துகளும் ஆதிவாசிகளும் கணிசமாக உள்ளனர். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவியபோது, எல்லாரும் வடவர் என்ற ஒற்றைப் பெயருக்குள் அடைபட்டனர். நம் தோழர்கள் சிலரும் அச்சொல்லை வசையாகப் பயன்படுத்துகின்றனர் என்பதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் போலந்துத் தொழிலாளரைப் பார்த்துப் பேசப்பட்டதும் இப்படித்தான் தொடங்கியது.

சட்டத்தில் இரு கதவுகள் சற்றுத் திறந்துள்ளன. பங்கஜ் குமார் வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம், பீகார் பிரிக்கப்பட்ட பின் ஒருவர் பீகாரிலோ சார்க்கண்டிலோ ஏதேனும் ஒன்றில் ஒதுக்கீட்டைக் கோரலாம், இரண்டிலும் கோர முடியாது என்றது. அது 2000ஆம் ஆண்டின் மறுசீரமைப்புச் சட்டத்தைச் சார்ந்த தீர்ப்பு. 1953க்கும் 1960க்கும் தானாகப் பொருந்திவிடாது. எனினும் மக்கள் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது என்ற உண்மையை நீதிமன்றம் கணக்கில் கொண்டதை நம் வழக்கறிஞர்கள் பயன்படுத்த வேண்டும். மற்றொன்று, 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு ஒருவர் பட்டியலில் இடம்பெற்ற மாநிலத்தோடு முடிந்துவிடாது என்று கூறியது. சிப்காட்டில் சாதி சொல்லி இழிவுபடுத்தப்படும் பீகார் தலித் தொழிலாளியின் புகாரைக் காவல் நிலையம் ஏற்க மறுத்தால் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டலாம். இது பிற உயர் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் வலுவான முன்னுதாரணம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு செய்தி. மேல்படிப்பு உதவித்தொகையை உங்கள் சொந்த மாநிலமே தர வேண்டும் என்பது மத்திய அரசுத் திட்டத்தின் விதி. எல்லை கடந்து கல்லூரியில் சேர்ந்ததால் தொகை போய்விட்டது என்று அலுவலகத்தில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வேறு மாநிலத்திலிருந்து வந்தவருடைய பிள்ளைக்கும், தந்தையின் சொந்த மாநிலச் சான்றை வைத்து இங்கேயே சாதிச் சான்று வழங்க விதி உண்டு. தமிழ்நாட்டு ஒதுக்கீடு அதனால் கிடைக்காது. மத்திய அரசுப் பணிக்கும் கல்விக்கும் அது செல்லும். கும்மிடிப்பூண்டி வட்டாட்சியர் அலுவலக வாசலில் அடுத்த முறை நிற்கும்போது, பின்னால் இந்தியில் தயங்கித் தயங்கிப் பேசிக்கொண்டு நிற்பவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.