துப்பாக்கி யார் வீட்டுச் சொல்?

காட்பாடி–திருப்பதி ரயில் பாதையில் தர்மாவரம் கிளை பிரியும் இடம் பாகாலா. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வட்டாரம். நம்மவர் ‘துப்பாக்கி’ என்பதைத் தெலுங்கர் ‘துபாகி’ என்பர். இது யார் வீட்டுச் சொல் என்ற வழக்கு எழுந்தால், தமிழர் திருக்குறளைச் சாட்சிக்கு அழைப்பதுண்டு.

‘வான் சிறப்பு’ அதிகாரத்தின் இரண்டாம் குறளில் ‘துப்பாக்கி’ என்ற எழுத்துகள் அப்படியே இருப்பது மெய்தான். ஆனால் அது துப்பு + ஆக்கி. துப்பு என்றால் உணவு. உண்பவர்க்கு உணவை விளைவித்துத் தந்து, தானும் உணவாகும் மழையை வள்ளுவர் போற்றுகிறார். சுடும் கருவிக்கு அங்கே வேலை இல்லை. வெடிமருந்தே பிற்காலத்தில் சீனாவில் கண்டது. குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்பாரும் உண்டு. கேட்க நயமாக இருக்கிறது, அவ்வளவே.

சொல் வந்த வழி வேறு. துருக்கியில் ‘துஃபெக்’, பாரசீகத்தில் ‘துஃபங்’. முதலில் அது வெடிக்கும் ஆயுதமே அல்ல; சிறு உருண்டையை வாயால் ஊதி எய்யும் குழல். மருந்திட்டுச் சுடும் குழல் வந்ததும் பழைய பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது.

அந்நாளைய துப்பாக்கியில் குழாயின் வாய் வழியே மருந்தையும் ஈயக் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்து, கனலும் திரியால் பற்றவைக்க வேண்டும். தூறல் விழுந்தால் திரி அவிந்துவிடும். வள்ளுவர் போற்றிய மழை இந்தத் துப்பாக்கிக்குப் பகை!

1520இல் ராய்ச்சூர் முற்றுகையில் கிருஷ்ணதேவராயர் பக்கம் போர்ச்சுகீசியத் துப்பாக்கி வீரர்கள் நின்றனர். 1565 தலைக்கோட்டைத் தோல்விக்குப் பின் விஜயநகரத்தார் பெனுகொண்டாவுக்கும், பிறகு சந்திரகிரிக்கும் தலைநகரை மாற்றினர். பாகாலாவில் திருப்பதி ரயில் ஏறினால் வழியில் வருவது அதே சந்திரகிரிதான். சுல்தான்களின் படையும் ராயர் படையும் மோதியும் கலந்தும் கிடந்த அந்தத் தெற்கில் ஆயுதத்தோடு சொல்லும் ஊன்றியது.

தெலுங்கர் அதை ஒற்றைப் ‘ப’, ஒற்றைக் ‘க’ வைத்தே எழுதினர். தமிழில் அப்படி எழுதினால் அவை நடுவில் மெலிந்து ஒலிக்கும். வலிமை குன்றாதிருக்க நாம் ‘ப்’பும் ‘க்’கும் சேர்த்தோம். குறளின் சொல்லோடு உருவம் ஒத்துப்போனது இதனால்தான்.

பீரங்கியின் கதையும் இத்தகையதே. ‘ஃபிரங்கி’ என்றால் ஐரோப்பியன். ஆளின் பெயர் அவன் கொண்டுவந்த ஆயுதத்துக்கு ஆகி, தமிழில் பீரங்கியாக, தெலுங்கில் ஃபிரங்கியாகவே நிற்கிறது. பரங்கிமலையும் பரங்கிக்காயும் அந்தக் குடும்பமே.

தெலுங்கில் ‘துபாகி ராமுடு’ என்றொரு வழக்கு உண்டு. மரத்துப்பாக்கியைத் தோளில் சாத்தி, ஊர் ஊராகக் கதை அளந்து சிரிக்கவைக்கும் நாட்டுப்புறக் கலைஞனின் பெயர் அது. புளுகுபவனுக்கும் அதுவே பட்டம். குறளைக் காட்டி வழக்காடும் நம்மவர், தெலுங்கு நண்பர் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தால் கோபிக்க வழியில்லை.