ஓசூர்க் குளிரும் ஏர் லைன் தண்ணீரும்

ஓசூர் சிப்காட் பக்கம் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும். சிஎன்சியில் ஜாப்பை இறுக்கிப் பிடிப்பதும், பெயிண்ட் பூத்தில் வண்ணம் தெளிப்பதும் அது தரும் காற்றுதான். அந்தக் காற்றோடு தூசி, தண்ணீர், எண்ணெய் மூன்றும் வருகின்றன. ஐஎஸ்ஓ 8573-1 தரநிலையும் இம்மூன்றின் அளவை வைத்தே காற்றை வகுப்பு பிரிக்கிறது. பெயிண்டில் குழி விழுந்தாலும் வால்வு சிக்கினாலும் பழி எண்ணெயின் மேல் போகிறது. உடனே விலை கூடிய ஃபில்டர் வாங்கி மாட்டுகிறார்கள். முதலில் பிடிக்க வேண்டியது தண்ணீரை. குழாயைத் துருப்பிடிக்க வைத்துப் புதிய தூசியை உண்டாக்குவதும், நுண் ஃபில்டரை நனைத்து அதன் வேலையைக் கெடுப்பதும் அதுதான்.

கணக்கு எளிது. 100 சிஎஃப்எம் கம்ப்ரஸர் மணிக்கு 170 கன மீட்டர் காற்றை இழுக்கும். 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்றால் 8 மணி நேர ஷிஃப்டில் அதோடு உள்ளே போகும் நீர் 28 லிட்டருக்குக் குறையாது. 7 பார் அழுத்தத்தில் காற்றின் கன அளவு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகச் சுருங்குவதால், 35 டிகிரிக்கு ஆறியதுமே 20 லிட்டருக்கு மேல் நீராகிவிடும். மிச்சம் ஆவியாக லைனுக்குள் போகிறது. ‘இது குளிர்ந்த ஊர், சென்னை மாதிரிப் புழுக்கம் இல்லையே’ என்பார்கள். உள்ளே போகும் நீர் இங்கே குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் கம்ப்ரஸரை விட்டு வரும் சூடான காற்றை ஆற்றும் ஆஃப்டர்கூலரைத் தாண்டி 30 டிகிரியில் ஈரம் நிறைந்து வரும் காற்று, மார்கழி இரவில் 15 டிகிரிக்குக் குளிர்ந்த வெளிக்குழாயில் போனால், அதிலுள்ள ஆவியில் பாதிக்கு மேல் குழாய்க்குள்ளேயே நீராகும். டிரையர் இல்லாத லைனுக்கு ஓசூர்க் குளிர் அனுகூலமே அல்ல.

அதனால் வரிசைதான் முக்கியம்: ஆஃப்டர்கூலர், ரிசீவர் டேங்கில் ஒழுங்காக வேலை செய்யும் ஆட்டோ ட்ரெயின், பிறகு டிரையர். 3 டிகிரி பனிநிலை (ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை) தரும் குளிரூட்டு டிரையர் பெரும்பாலான பட்டறைகளுக்குப் போதும். மைனஸ் 40 தரும் உலர்த்துமணி டிரையர், தன் மணிகளை உலர்த்தவே உற்பத்தியாகும் காற்றில் ஒரு பங்கைத் தின்னும். நுண் ஃபில்டரைப் பெயிண்ட் பூத் போன்ற இடங்களுக்கு மட்டும் போடலாம். கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலையில் காற்று உணவைத் தொடும் இடத்தில் எண்ணெய் ஆவியைப் பிடிக்கக் கரி ஃபில்டரும் வேண்டும். ஃபில்டர் கூடினால் கரண்ட் பில் ஏறும் என்ற ஆட்சேபம் நியாயமானதே: ஃபில்டரில் இழக்கும் அழுத்தத்தை ஈடுகட்ட ஏற்றும் ஒவ்வொரு 1 பாருக்கும் சுமார் 7 சதவீத மின்சாரம் அதிகம். அடைத்த ஃபில்டரை மாற்றாமல் அழுத்தத்தை ஏற்றி ஓட்டும் இடத்தில்தான் அந்த நஷ்டம் பெரிது. ‘ஆயில்-ஃப்ரீ’ கம்ப்ரஸரும் முழு விடையல்ல. தண்ணீர் அதிலும் அப்படியே வரும். கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் வாய் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பார்த்து இருந்தால் டீசல் புகையும் சேர்ந்து வரும்.

ட்ரெயினில் வெளியேறும் பால் நிற நீரில் எண்ணெய் கலந்திருக்கிறது. அதை மழைநீர்க் கால்வாயில் திறந்துவிடாமல், எண்ணெயைப் பிரித்த பிறகே கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு அனுப்புங்கள். ஓசூருக்குப் பக்கத்திலேயே தென்பெண்ணையும் கெலவரப்பள்ளி அணையும் இருக்கின்றன.