பட்டத் திருநாளும் அடிபட்ட பறவைகளும்

தை முதல் நாள் நமக்குப் பொங்கற் புதுநாள். நாம் பிழைக்க வந்த ஆமதாபாத் நகருக்கோ அது உத்தராயணம், பட்டத் திருநாள். இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. இங்கே நம் இல்லங்களில் பால் பொங்கும் வேளையில், அண்டை வீட்டு மாடிகளில் "காய்போ சே!" என்ற முழக்கம் எழும்பிவிடும். ஜனவரி 14 ஆம் நாள் உத்தராயணம், மறுநாள் வாசி உத்தராயணம் என இரண்டு நாட்கள் நகரமே கூரையின் மேல் குடியேறிவிடுகிறது. ஊந்தியும் ஜிலேபியும் சிக்கியும் மாடிக்கே வந்து சேரும். மணிநகரிலும் அதைச் சூழ்ந்த பேட்டைகளிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் கரும்பு கடிப்பதைக் காட்டிலும் பட்டம் அறுப்பதில் வல்லவர்களாகிவிட்டார்கள். அதில் குறை காண்பதற்கில்லை. வாழும் ஊரின் மகிழ்ச்சியில் பங்கு கொள்வதும் நன்றே.

ஆயினும், நம் சங்கத்து இளைஞர் சிலரும் நம்மைப் போன்ற நடுவயதினர் சிலரும் சில ஆண்டுகளாக அவ்விரு நாட்களையும் மாடியில் கழிப்பதில்லை. அடிபட்ட பறவைகளுக்குச் சிகிச்சை செய்யும் முகாமில் கழித்து வருகிறோம். "பண்டிகை நாளில் அங்கே என்ன வேலை?" என்று அன்பர் பலர் கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடையாக இக்கட்டுரையை எழுதலானோம்.

பட்டத்தால் பறவைக்குத் தீங்கில்லை. பட்டத்தின் நூலால்தான் தீங்கு. ஜனவரி பிறக்கும் முன்னரே நகரத்து நடைபாதைகளில் வரிசையாகக் கம்பு நட்டு, வெண்ணூலை இழுத்துக் கட்டி, சோற்றுப் பசையோடு கண்ணாடிப் பொடியும் சாயமும் கலந்து பூசுவதை யாவரும் கண்டிருப்போம். பூசுகிறவர்களின் விரல்களைப் பார்த்தால் போதும். துணியும் பிளாஸ்திரியும் சுற்றாத விரல் இராது. இவ்வாறு செய்வதே மாஞ்சா. இதனினும் கொடியது 'சீன மாஞ்சா' என்று பெயர் பெற்ற செயற்கை நூல். பெயர்தான் சீனம், சரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலேயே உருவாகிறது. பருத்தி நூல் ஓரளவு இழுத்தால் அறும், மழையிலும் வெயிலிலும் இற்றுப்போகும். இதுவோ அறாது, மக்காது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் இத்தகைய நூலை நாடெங்கும் தடை செய்தது. எனினும் அது மறைவாக விற்பனையாகி வருகிறது. இதனால் மாண்ட மனிதரும் உண்டு. குஜராத்தில் இரு சக்கர வண்டிகளின் கைப்பிடியில் வளைந்த இரும்புக் கம்பி ஒன்றைப் பொருத்தியிருப்பதைப் புதிதாக வந்த நம்மவர் அலங்காரம் என்று எண்ணுவதுண்டு. அது கழுத்தைக் காக்கும் கம்பி.

பறவைக்கு அக்கம்பியும் இல்லை. குளிர்காலம் இப்பகுதிக்குப் பறவைகள் வந்து கூடும் காலம். நகருக்குத் தென்மேற்கே உள்ள நள சரோவரும், வடமேற்கே உள்ள தோள் ஏரியும் ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புப் பெற்ற நீர்நிலைகள். முன்னது 2012 இலும் பின்னது 2021 இலும் அப்பட்டியலில் இடம் பெற்றன. பூநாரையும் கூழைக்கடாவும் வாத்தினங்களும் அங்கே மந்தை மந்தையாக இறங்குகின்றன. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வருபவையும் அவற்றுள் உண்டு. மலையைத் தாண்டி வந்த பறவை ஒரு நூலிழையில் வீழ்வது எத்துணைக் கொடுமை! ஆயினும் முகாமுக்கு வருபவற்றில் மிகப் பல நாம் அன்றாடம் காணும் மாடப்புறாக்களே. அடுத்து பருந்தும், அரிவாள் மூக்கனும், கொக்கும், இருள் கவிந்த பின் கூகையும் வரும். முன்பே அருகிப் போன கழுகும் இந்நூலுக்குத் தப்பவில்லை. டைக்ளோபினாக் என்னும் மருந்து ஏறிய கால்நடைகளின் பிணத்தைத் தின்று அவ்வினம் அழிந்து வந்ததைக் கண்டு, அம்மருந்தைக் கால்நடைக்குத் தருவதை அரசு 2006 இல் தடுத்தது. எஞ்சிய சிலவற்றுக்கு ஆகாயத்தில் இப்படி ஒரு பகை!

பறவைகள் இரை தேடிப் புறப்படுவது விடியலில். கூடு திரும்புவது அந்தியில். ஆகவேதான் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 5 மணிக்குப் பின்னும் பட்டம் விட வேண்டாம் என்று அரசு வேண்டுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறெதையும் சொல்ல இயலாவிடினும் இந்த ஒன்றைச் சொல்லலாம்.

குஜராத் அரசின் வனத்துறை 2017 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 10 முதல் 20 வரை 'கருணா அபியான்' என்ற இயக்கத்தை நடத்துகிறது. 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். பாஞ்ச்ராபோளில் உள்ள ஜீவதயா அறக்கட்டளை போன்ற நிலையங்கள் ஆண்டு முழுதும் சிகிச்சை செய்கின்றன. இவற்றோடு பேட்டைதோறும் சிறு முகாம்கள் முளைக்கின்றன. மருத்துவர் வெளியூரிலிருந்தும் வருவார். மருந்தும் ஓரளவு வந்து சேரும். வராமல் நிற்பது ஆள்தான். அடிபட்ட ஒரு பறவையைப் பிடித்துக்கொள்ள ஒருவர், காயத்தைத் துடைக்க ஒருவர், பெட்டி தூக்க ஒருவர், எழுத ஒருவர் வேண்டும். அந்த 'எழுத ஒருவர்' என்னும் இடத்தில்தான் நாம் போய் அமர்ந்தோம்.

ரயில்வேயில் பார்சல் பதிவேடு எழுதிப் பழகிய கைக்கு இது புதிய வேலையன்று. வந்த நேரம், பறவை இனம், கண்டெடுத்த இடம், கொணர்ந்தவர், காயம் எவ்விடத்தில், பெட்டி எண். இவற்றுள் கண்டெடுத்த இடம் என்ற பத்தியைப் பலர் வெறும் சடங்கென நினைக்கின்றனர். அதுவே முக்கியமானது. குணமான பறவையை எடுத்த இடத்தின் அருகிலேயே விடவேண்டும். அதன் துணையும் கூடும் இரைநிலமும் அங்கேதான் உள்ளன. 'ஆமதாபாத்' என்று மட்டும் எழுதிவைத்தால் அப்பறவைக்கு முகவரி தொலைந்தது என்றே பொருள். ஆகவே தெருப்பெயர் சொல்லாதவரை நாம் விடுவதில்லை. அவசரத்தில் ஓடி வந்தவர் சிலர் சினப்பதுண்டு, சினக்கட்டும்.

சிகிச்சையைப் பற்றியும் சிறிது கூறுவோம். நூல் பெரும்பாலும் சிறகின் முன்விளிம்பிலுள்ள மெல்லிய தோலை அறுக்கிறது. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே கூடாரத் துணிபோல் விரியும் அத்தோலும் அதனுள் ஓடும் தசைநாரும் அறுந்தால் சிறகு விரியாது. சில வேளை எலும்பு வரை இறங்கிவிடும். 300 கிராம் எடையுள்ள புறாவின் உடலில் மொத்த இரத்தமே 30 மில்லிக்கு மேல் இராது. இரண்டு மேசைக்கரண்டி அளவு. அதில் எத்தனை துளி சிந்தலாம் என்று எண்ணிப் பாருங்கள். எனவே தையல் போடுவதற்கு முன் இரத்தத்தை நிறுத்துவதும், நடுக்கம் தீரச் சூடு தருவதுமே முதல் வேலை. பறவையின் உடற்சூடு நம்முடையதைவிட மிகுதி; ஜனவரி இரவின் குளிரில் அது விரைவில் ஒடுங்கிவிடும். காயத்தினால் சாகாதது குளிரினால் சாவதும் உண்டு.

இங்கே வள்ளல் பேகன் நினைவுக்கு வருகிறான். குளிரால் நடுங்கிற்று என்று மயிலுக்குப் போர்வை தந்த அவன் செயலைக் கொடைமடம் என்றனர் முன்னோர். முகாமில் இரண்டு இரவு விழித்திருந்தபின் நம் அபிப்பிராயம் சற்று மாறிவிட்டது. அவன் மயிலின் உடல் அறிந்தவன் என்றே தோன்றுகிறது.

வீட்டருகே அடிபட்ட பறவை விழுந்தால் செய்ய வேண்டியது மிகச் சில. மெல்லிய துணியை அதன் மேல் போட்டுச் சிறகோடு சேர்த்து மெதுவாக எடுங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடுங்கள். இருட்டு அதன் அச்சத்தைத் தணிக்கும். சுற்றிய நூலை இழுத்துப் பிரிக்காதீர்கள்; இழுப்பதே இன்னொரு வெட்டு. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இதை நம் தாய்மார்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதே கடினமாயிருக்கிறது. சாகும் உயிருக்கு ஒரு வாய் தண்ணீர் தருவது நம் இரத்தத்தில் ஊறிய வழக்கம். ஆனால் மயங்கிய பறவைக்கு அத்தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கி உயிரை வாங்கிவிடும். கொக்கு, நாரை இவற்றைத் தூக்கும்போது தலையைப் பற்றிக்கொள்ளுங்கள். அவற்றின் அலகு நேரே கண்ணுக்குத்தான் வரும். குணமாக்கி வீட்டிலேயே வளர்ப்போம் என்றும் எண்ணலாகாது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடந்தராது. கிளிக்கும் இது பொருந்தும்.

மரக்கிளையிலோ கம்பத்திலோ தொங்குவதைக் கண்டால் தீயணைப்புப் படைக்குச் சொல்லலாம், ஏணியோடு வருகிறார்கள். ஆனால் ரயில் பாதையின் மேலுள்ள கம்பியைக் குச்சியால் தட்டவும் முயலக் கூடாது. அதில் ஓடுவது 25,000 வோல்ட். 'பவர் பிளாக்' வாங்கி மின்சாரத்தை நிறுத்திய பின்னரே எங்கள் ஊழியரும் அதனருகே செல்வர். உங்கள் கடமை நிலையத்தில் தெரிவிப்பதோடு முடிகிறது.

நிற்க. ஜனவரி 16 ஆம் நாள் மாடிகள் வெறிச்சோடுகின்றன, பத்திரிகைக்காரரும் போய்விடுகின்றனர். நிலையங்களின் உண்மையான பாரம் அப்போதுதான் தொடங்குகிறது. தைத்த சிறகு ஆற வாரங்கள் செல்லும். ஆறியபின் பெரிய கூண்டில் பறந்து பழக வேண்டும். இறகு அறுந்துபோனவை அடுத்த இறகுதிர்ப்பு வரை காத்திருக்க வேண்டும். அறுந்த இறகு நடுவில் வளராது. அத்தனை நாளும் தீனி, மருந்து, கூண்டு கழுவ ஆள். மரங்களில் தொங்கும் நூலோ பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பறவைகளைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆகையால் நன்கொடை தருவோர் பொங்கலன்று தருவதிலும், மாசியில் தருவது மேலான உபகாரம் என்பது நம் துணிபு.

டில்லியிலும் இதே துன்பம் உண்டு. அங்கே பட்டக் காலம் ஆகஸ்டு. செங்கோட்டைக்கு எதிரேயுள்ள ஜைன லால் மந்திரின் பறவை மருத்துவமனை பல ஆண்டுகளாக அரும்பணி ஆற்றி வருகிறது. ஆனால் ஊன் உண்ணும் பறவைகளை அங்கே உள்ளே தங்கவைத்துப் பேணுவதில்லை. அதனால் பருந்துகளுக்குப் புகலிடமில்லை என்று கண்ட நதீம் ஷெஹ்ஸாத், முகம்மது சவூத் என்னும் சகோதரர் தம் வீட்டின் கீழ்த்தளத்திலேயே அவற்றுக்குச் சிகிச்சை தொடங்கினர். அவர்களைப் பற்றி 2022 இல் வெளிவந்த 'ஆல் தட் பிரீத்ஸ்' என்ற ஆவணப்படம் உலகப் புகழ் பெற்றது. கீழ்த்தளமும் கைக்காசும் கொண்டு தொடங்கிய பணி அது.

இனி நம் சங்கத்து விஷயம். பொங்கல் விழாவை 14 ஆம் நாள் மாலையில் நடத்துவது நம் நெடுநாள் வழக்கம். முகாமில் மிக அதிகமாகப் பறவைகள் வந்து குவிவதும் அதே மாலைதான். விழாவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் இருபது முப்பது கைகள் கூடுதலாகக் கிடைக்கும் என்று இளைஞர்கள் மனுக் கொடுத்துள்ளனர். தை முதல் நாளை விட்டு வேறு நாளில் பொங்கல் விழா என்பது என்ன முறை என்று பெரியவர்கள் வருந்துகின்றனர். ஊரைவிட்டு வந்த நமக்கு அந்த ஒரு மாலைதான் எல்லாரும் ஒருங்கே கூடும் மாலை என்று ஓர் அம்மையார் கூறியதை நாமும் எளிதில் தள்ளிவிட இயலவில்லை. பொங்கல் வைப்பது வீட்டில், காலையில். மாறுவது கலைநிகழ்ச்சியும் விருந்தும் மட்டுமே. ஆதலின் நம் வாக்கு மாற்றத்திற்கே. முடிவு டிசம்பர்ப் பொதுக்குழுவில்.

முடிவு எதுவாயினும், மூடியுள்ள அட்டைப் பெட்டிகள், கிழியாத பழைய பருத்திப் புடவைகள், செய்தித்தாள்கள், தடித்த கையுறைகள் ஆகியவற்றை ஜனவரி 8 ஆம் நாளுக்குள் சங்க அறையில் சேர்ப்பிக்க வேண்டுகிறோம். கம்பளி வேண்டா, அதன் இழை நகத்தில் சிக்கும். ஜனவரி 16 காலை 7 மணிக்கு நம் தெருக்களில் நூல் பொறுக்கப் புறப்படுகிறோம். பிள்ளைகளையும் அனுப்புங்கள்; கையுறையோடு கத்தரிக்கோல் ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். பொறுக்கிய நூலைச் சிறு துண்டுகளாக நறுக்கியே குப்பையில் இடவேண்டும்.