பந்தயத் தடமும் பாவனை வண்டியும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் பழமொழி. அப்படியானால் திரைச் சுரைக்காய் உதவுமா? அறைக்குள் நாற்காலியில் அமர்ந்து, எதிரே உள்ள திரையைப் பார்த்தபடி ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்கும் இளைஞன், நாளை உண்மையான பந்தயத் தடத்தில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் காரை ஓட்டிவிட முடியுமா? சிமுலேட்டர் எனப்படும் பாவனை ஓட்டுக் கருவியைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் எழுப்பும் வினா இது. ‘முடியும்’ என்பாரும் உளர். ‘வெறும் விளையாட்டு’ என்று ஒதுக்குவாரும் உளர். இரு சாராரும் பாதி உண்மையையே பேசுகின்றனர் என்பது என் கருத்து.

இக்கருவியின் மூதாதை விமானத் துறையில் பிறந்தது. அமெரிக்கரான எட்வின் லிங்க், தம் தந்தையின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் பழகிய காற்றுத் துருத்தி நுட்பத்தைக் கொண்டே 1929-இல் தரையை விட்டு எழாத பயிற்சி விமானம் ஒன்றைச் செய்தார். முதலில் அது பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கே விலைபோயிற்று. 1934-இல் தபால் ஏற்றிச் சென்ற இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்ட பிறகுதான் இராணுவம் ஆறு கருவிகளை வாங்கியது. உயிர்கள் போன பின்பே பாவனைக்கு மதிப்பு வந்தது!

மோட்டார்ப் பந்தயத்தில் இந்த மதிப்பு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2008-இல் சோனியும் நிஸ்ஸானும் சேர்ந்து, ‘கிரான் டூரிஸ்மோ’ என்ற கணினி விளையாட்டில் வல்லவர்களைத் தேர்ந்தெடுத்து உண்மைப் பந்தயத்துக்கு அனுப்பும் போட்டியைத் தொடங்கின. அதில் முதலில் வென்ற ஸ்பெயின் நாட்டு லூக்காஸ் ஓர்டோன்யெஸ், 2011-இல் பிரான்சின் புகழ்பெற்ற லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் இருந்தார். 2011-இல் வென்ற பிரிட்டிஷ் இளைஞர் மார்டன்பரோ, 2013-இல் அதே பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாம் இடத்தைப் பிடித்த அணியில் ஓட்டினார். ஆகவே, ஒன்றும் கற்க முடியாது என்ற வாதம் நிற்காது. எதைக் கற்க முடியும் என்பதே கேள்வி.

முதலாவது, தடத்தின் மனப்பாடம். ஜெர்மனியில் ஐஃபெல் மலைப்பகுதியில் 1927-இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்று 20.8 கிலோமீட்டர் நீளமுடையது. எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள்! மேடேறியதும் அடுத்து இடமா வலமா என்று கண்ணுக்குத் தெரியாத இடங்கள் அங்கு ஏராளம். 1976-இல் நிக்கி லாவுடா தீக்காயங்களுடன் உயிருக்குப் போராடியது இத்தடத்தில்தான். பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தம் காரை அங்கே ஓட்டலாம் என்பதால் ஆபத்து மேலும் மிகுதி. நூறு சுற்று ஓட்டிப் பழகுவதென்றால் 2,080 கிலோமீட்டர் ஆகும். பெட்ரோலும் டயரும் யார் வீட்டுப் பணம்? நல்ல சிமுலேட்டர்களிலோ தடத்தை லேசர் கதிர்களால் அளந்து, சாலையின் சிறு மேடுபள்ளங்களைக்கூடப் பதிவு செய்துள்ளனர். மின்சாரச் செலவில் அந்த நூறு சுற்றையும் ஓட்டலாம்.

இரண்டாவது, பிரேக் மிதிக்கும் இடம். மாணவ நண்பர்கள் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 180 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 50 மீட்டர். வளைவுக்குள் நுழைய 20 மீட்டராகக் குறைய வேண்டும். விநாடிக்கு 10 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால் 105 மீட்டர் தூரம் தேவை. விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக மிதித்தால் 5 மீட்டர் போய்விடும். எஞ்சியது 100 மீட்டர். வளைவை அடையும்போது வேகத்தின் வர்க்கம் 400-க்குப் பதில் 500 ஆக இருக்கும். டயர்கள் 25 விழுக்காடு கூடுதலாகப் பற்ற வேண்டும். பற்றாவிட்டால் வண்டி வெளியே. இமைப்பொழுதின் விலை இது! ஒரே அடையாளப் பலகையைப் பார்த்து ஒரே நொடியில் மிதிக்கும் பழக்கம் திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டுமே வரும். அதைத் திரை நன்றாகவே கற்பிக்கிறது.

ஆனால் பிரேக் பெடலைப் பார்த்து வாங்க வேண்டும். மலிவான பெடல்கள் கால் நகரும் தூரத்தை அளக்கின்றன. உண்மைக் காரிலோ கால் தரும் அழுத்தமே கணக்கு. அழுத்தத்தை அளக்கும் பெடல் இல்லையேல் கால் தவறான பாடத்தைப் படித்துவிடும். திரையின் கோணமும் அப்படியே. 60 சென்டிமீட்டர் அகலத் திரையை 60 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது 53 பாகைச் சாளரம். அதில் 90 பாகைக் காட்சியைத் திணித்தால் வளைவுகள் உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும்.

இனி, கற்க முடியாததைக் காண்போம். நான் முதன்முறை அக்கருவியில் அமர்ந்தபோது பத்து நிமிடத்தில் வயிற்றைக் குமட்டியது. ‘ஓடுகிறோம்’ என்கிறது கண். ‘இல்லை’ என்கிறது உட்செவி. இந்தச் சண்டையின் விளைவே குமட்டல். உண்மைக் காரின் பின்பகுதி வழுக்கத் தொடங்கினால் இடுப்பும் முதுகும் கண்ணுக்கு முன்பே அறிந்துகொள்ளும். பாவனை வண்டியில் அச்செய்தி வருவதில்லை. பெருந்தொகைக் கருவிகள் நாற்காலியைச் சாய்த்துப் புவியீர்ப்பையே பிரேக் விசைபோல உணரச் செய்கின்றன. நெடிய வளைவொன்றின் விசையை நீடித்துத் தர அவற்றாலும் இயலாது. வாரை நோக்கித் தன் எடைக்குச் சமமான விசை உடலைத் தள்ளும்போதும் காலை அளந்து மிதிப்பது வேறு கல்வி.

அச்சமும் அங்கில்லை. நூர்பர்க்ரிங்கில் ‘விமானத் தளம்’ என்று பொருள்படும் ஃப்ளுக்பிளாட்ஸ் என்ற மேடு உண்டு. 2015 மார்ச் மாதப் பந்தயத்தில் மார்டன்பரோவின் கார் அங்கே மூக்கைத் தூக்கிப் பறந்து, வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். இதை வைத்துச் சிமுலேட்டரைப் பழிப்பது முறையன்று. 1980-இல் மான்ஃபிரட் விங்கல்ஹாக்கின் வண்டியும் அதே மேட்டில்தான் பறந்து கவிழ்ந்தது. அந்நாளில் சிமுலேட்டர் ஏது? எனினும், திரையில் பறந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அந்தப் பொத்தானே பயிற்சியின் முதல் பகை என்பேன். மோதினால் அன்றைய பயிற்சி முடிந்தது என்று எழுந்துவிட வேண்டும். மிக விரைவான ஒரு சுற்றைப் பார்த்து மகிழ்வதைவிட, அடுத்தடுத்த பத்துச் சுற்றுகளின் நேரங்கள் எவ்வளவு நெருங்கியுள்ளன என்று குறித்து வைப்பது மேல். ஈரத் தடத்திலும் பழக வேண்டும். பிறகு உண்மைத் தடத்துக்குப் போகும் நாளில், திரையில் 100 மீட்டர் பலகையில் பிரேக் மிதித்தவர், அங்கே 150 மீட்டரிலேயே மிதித்துத் தொடங்கட்டும். டயர் சூடேறி, பெடலின் கனம் காலுக்குப் பழகிய பிறகு, சுற்றுக்குச் சில மீட்டராக முன்னேறலாம்.