தமிழில் நிரல் எழுதும் கருவிகள்

கடலின் ஆழம் அறிந்தே கலம் அமைப்பர் நெய்தல் நிலத்தார். நிரல் எழுதுவோர்க்கான திருத்திகளைக் கணினியில் உருவாக்குவோரும், அவை எம்மொழியைச் சுமக்கப் போகின்றன என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

திரையில் தோன்றும் சாளரம், பொத்தான், எழுதுபரப்பு ஆகியவற்றை ஆயத்தமாக அளிப்பது வரைகலை இடைமுகக் கருவித்தொகுதி ஆகும். டிகே, கியூட்டி, ஜிடிகே ஆகியன அவ்வகையின. தோற்றம், வேகம், உரிமம் ஆகியவற்றைக் கருதியே பலரும் இவற்றுள் ஒன்றைத் தேர்வர். தமிழுக்கு இவை மட்டும் போதா.

'கொ' என்னும் எழுத்தை நோக்குக. கணினியின் நினைவகத்தில் அது ககரமும் ஒகர உயிர்க்குறியுமாக இரு குறியீடுகளாய் அமைகின்றது. திரையிலோ ககரத்தின் முன்னே கொம்பும் பின்னே காலும் நிற்றல் வேண்டும். இவ்வாறு பிரித்து இணைத்து வரையும் ஆற்றல் தொகுதிக்கு இல்லையெனில் எழுத்துச் சிதையும். லினக்ஸ் கணினிகளில் டிகே நெடுங்காலம் இக்குறையுடன் இருந்தது. ஜிடிகேயோ, 2002-இல் வெளிவந்த 2.0 பதிப்பு முதல் பாங்கோ என்னும் நூலகத்தின் துணையால் எழுத்துகளை அமைக்கின்றது. 'எல்லாம்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லும் 'மொழி' என்னும் பொருளுடைய ஜப்பானியச் சொல்லும் இணைந்து பிறந்த பெயர் அது.

தமிழிலேயே நிரல் எழுதுதற்கென முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழி, 2009 ஜூலையில் அறிவிக்கப்பெற்றது. 'பதிப்பி', 'முடி' முதலியன அதன் கட்டளைச் சொற்கள். எழில், பைத்தான் மொழியில் இயற்றப்பட்டது. பைத்தானுடன் டிகேக்கான இணைப்பு இயல்பாகவே கிடைப்பினும், எழிலுக்கென அமைந்த 'எழுதி' என்னும் திருத்தி ஜிடிகேயைக் கொண்டே உருவாயிற்று.

கருவித்தொகுதியைத் தேர்வோர் செய்யத்தக்க எளிய சோதனைகள் சில உள. 'கொ' என எழுதுக. சுட்டியை அம்புக்குறி விசையால் நகர்த்துக. அஃது எழுத்தின் நடுவே நிற்றல் கூடாது. பிழை நேர்ந்த இடத்தைக் குறியீடுகளின் எண்ணிக்கையால் காட்டின், தமிழில் அது பிறிதோர் எழுத்தின்மேல் விழும். எழுத்தெண்ணிக் காட்டுதலே முறை. நம் கீழக்கரைப் புலவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) கையாண்ட அரபுத்தமிழ், வலமிருந்து இடமாகச் செல்வது. அதன் ஒரு சொல்லைத் தமிழ் வரியின் இடையே இட்டு, வரிசை குலையாமல் நிற்கின்றதா எனவும் காண்க.

இராமநாதபுரம் கடலோரச் சிற்றூரில் தமிழ்வழி பயிலும் மாணவன் ஒருவன், முதன்முதலாக நிரல் எழுத அமர்கின்றான் எனக் கொள்வோம். எழுத்துச் சிதைந்த திரையைக் காணின், பிழை தன் அறிவில் உளதென்றே அவன் மயங்குவான். அம்மயக்கம் நேராவண்ணம் காப்பதே நல்ல தேர்வின் பயன்.